செட்டிநாட்டு மரங்க எப்ப உதிருது எப்ப துளிருது: ஒரு வருஷம் கூடவே இருந்து கவனிக்கிறது எப்படி

ஸ்கூல் புக்குல போட்டிருக்கிற நாலு பருவத்தை மனசுல வெச்சுக்கிட்டு காரைக்குடி, தேவகோட்டை பக்கம் மரத்தைப் பாக்கக் கெளம்பினீங்கன்னா ஒண்ணுமே ஒத்து வராது. அதுல அக்டோபர்ல இலை செவந்து கொட்டும், இங்க அக்டோபர்லதான் மழை புடிச்சு எல்லா மரமும் கரும்பச்சையா நிக்கும். இலை கொட்டுறது பெரும்பாலும் மாசி பங்குனியில, துளிர் வர்றது பங்குனி கடைசியிலயும் சித்திரையிலயும், அதாவது செருப்பு இல்லாம தெருவுல கால் வெக்க முடியாத நேரத்துல மரம் மட்டும் புதுச்சட்டை போட்டுக்கிட்டு நிக்கும். இது ஏன்னும், இதை ஒரு வருஷம் நீங்களே பாத்து குறிச்சு வெக்கிறது எப்படின்னும் சொல்றேன். பெரிய படிப்பெல்லாம் தேவையில்ல, ஒரு நோட்டு, ஒரு போன், வாரத்துக்கு பத்து நிமிஷம் போதும்.

மொதல்ல காரணம் தெரிஞ்சா பாக்குறது ஈசி. குளிர் நாட்டு மரத்துக்கு குளிரும், பகல் குறையறதும்தான் சிக்னல். லண்டன்ல கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல வித்தியாசம் வரும், நாம பூமத்திய ரேகைக்கு 10 டிகிரி வடக்குல இருக்கோம், நமக்கு மொத்தமே ஒரு மணி நேரம் சொச்சம்தான். அதனால இங்க மரத்தோட பெரிய கணக்கு தண்ணி. அக்டோபர் 20 வாக்குல வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சு மார்கழியோட முடிஞ்சிரும், அப்பறம் கோடையில இடிச்சுட்டுப் போற ரெண்டு மூணு மழை, ஆவணி புரட்டாசியில சாயங்காலம் அடிக்கிற மழை, அவ்வளவுதான். நம்ம மண்ணும் மேல செம்மண், பல எடத்துல கொஞ்சம் தோண்டினாலே செம்பாறை தட்டும், தண்ணி ரொம்ப நாள் தங்காது. இலையில கண்ணுக்குத் தெரியாத துளை வழியா தண்ணி ஆவியா போய்க்கிட்டே இருக்குமா, மண்ணு காஞ்சதும் பழைய இலையை வெச்சுக்கிறது மரத்துக்கு நஷ்டம், அதனால இலையில இருக்கிற தழைச்சத்தை எல்லாம் கொப்புக்குள்ள திரும்ப இழுத்துக்கிட்டு, காம்போட அடியில ஒரு மெல்லிசு அடுக்கு உண்டாக்கி மரமே கழட்டி விட்டுரும். பச்சையம் போனதும் உள்ள ஒளிஞ்சிருந்த மஞ்சள் வெளில தெரியும், அதான் பழுத்த இலை.

சரி, அப்ப துளிர் ஏன் கொளுத்துற வெயில்ல வருது? இலை போனதும் தண்ணி செலவு நின்னுருச்சுல்ல, ஆழத்துல இருக்கிற வேர் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து தண்டுல சேத்து வெச்சுக்கும், அந்த இருப்பை வெச்சுத்தான் துளிர்க்குது. மழைக்கு முன்னாடியே இலை தயாரா இருந்தா மழை விழுந்த அன்னைக்கே வேலை ஆரம்பிச்சுரலாம், மழையோட புழு பூச்சி கெளம்புறதுக்குள்ள இலையும் கொஞ்சம் முத்திரும். பல மரத்துல கொழுந்து செவப்பாவோ செம்பு நிறமாவோ வர்றதுக்கு ஆந்தோசயனின்னு ஒரு நிறமி காரணம், இளசு இலையை கடும் வெயில்ல இருந்து அது காப்பாத்துது, பூச்சிக்கும் அந்த நிறம் பிடிக்காதுன்னு ஒரு கருத்து இருக்கு.

இனிமே வேலைக்கு வருவோம். மரத்தைத் தேர்ந்தெடுக்கிறதுலதான் பாதி விஷயம் இருக்கு. தினமும் நீங்க எப்படியும் கடந்து போற எடத்துல இருக்கிற மரமா எடுங்க, ஊருணிக் கரை, பஸ் ஸ்டாப், கோயில் வாசல், வீட்டுப் பின்கட்டுக்கு வெளில, இப்படி. இதைப் பாக்குறதுக்குன்னே வண்டிய எடுக்கணும்னா ஒரு மாசத்துல விட்டுருவீங்க. குழாயடி மரம், பாத்திரம் கழுவுற தண்ணி போற மரம், தோட்டத்துல சொட்டு நீர் போட்ட மரம் இதெல்லாம் வேணாம், அதுக்கு வருஷம் முழுக்க தண்ணி கெடைக்கிறதால உதிர்ற கணக்கே மாறிரும். சீமைக்கருவேலமும் வேணாம், அது அமெரிக்கப் பக்கத்துல இருந்து வந்த மரம், எந்த மாசம் பாத்தாலும் பச்சையாத்தான் நிக்கும், பாத்து என்ன தெரிஞ்சுக்கப் போறோம்.

நாலஞ்சு மரம் எடுத்தா போதும், ஆனா எல்லாம் ஒரே குணமா இருக்கக் கூடாது. மொட்டையா போறது ஒண்ணு (இலவம், சரக்கொன்றை, வாகை), கொஞ்ச நாளைக்கு மட்டும் மொட்டையாகி உடனே துளிர்க்கிறது ஒண்ணு (அரசு, புங்கை, இலுப்பை), எப்பவும் பச்சையா இருக்கிறது ஒண்ணு (மா, பூவரசு), அப்பறம் வேப்ப மரம். வேப்ப மரத்தை மட்டும் ரெண்டா எடுங்கன்னு சொல்லுவேன், ஒண்ணு கண்மாய்க் கரையில, ஒண்ணு செம்பாறைப் பொட்டல்ல. ரெண்டும் ஒரே ஊரு, ஒரே வெயில், ஆனா பொட்டல் மரம் முன்னாடியே உதிர்த்துரும், கரை மரம் தாமதமா, சில வருஷம் முழுசா உதிர்க்காமலே பழசும் புதுசுமா நிக்கும். தண்ணிதான் கணக்குன்னு மேல சொன்னதை இதை விட நல்லா எந்த புக்கும் காட்டாது.

குறிக்கிறது இப்படி. வாரத்துல ஒரு கிழமைய முடிவு பண்ணிக்கோங்க, எங்க பக்கம் சந்தை நாள்னு வெச்சுக்கிட்டா மறக்காது. மரத்துகிட்ட நின்னு கொழுந்து, முத்தின இலை, பழுத்த இலை, மொட்டு, விரிஞ்ச பூ, காய், பழம் ஒவ்வொண்ணும் இருக்கான்னு பாருங்க. எண்ண ஆரம்பிச்சீங்கன்னா பைத்தியம் புடிச்சிரும், அதனால இல்ல, கொஞ்சம், நிறைய இந்த மூணு வார்த்தை மட்டும் போதும். மரத்தோட தலையில, அதாவது கொப்பும் இலையுமா விரிஞ்சிருக்கிற பாகத்துல, மூணுல ஒரு பங்குக்குக் குறைவா இருந்தா கொஞ்சம், அதுக்கு மேலன்னா நிறைய. சீசன்வாட்ச்னு நாடு முழுக்க பொதுமக்களும் பள்ளிப் பிள்ளைகளும் மரத்தைக் கவனிக்கிற திட்டம் ஒண்ணு இருக்கு, அவங்களும் இந்த மாதிரிதான் குறிக்கச் சொல்றாங்க. "ஒண்ணும் மாறல"ன்னாலும் அதையும் எழுதணும், வெறும் கட்டமா விட்டா அடுத்த வருஷம் பாக்கும்போது மாறலையா நீங்க போகலையான்னு தெரியாது. தேதி போடும்போது தமிழ் மாசமும் இங்கிலீஷ் தேதியும் ரெண்டும் போடுங்க, வீட்டுல பெரியவங்க கிட்ட பேச மாசி, பங்குனி வேணும், மத்த ஊர்க் கணக்கோட ஒப்பிட தேதி வேணும்.

போட்டோ ஒரே எடத்துல நின்னு எடுக்கணும், ஒரு கல்லையோ திண்ணைத் தூணையோ அடையாளம் வெச்சுக்கோங்க. காலையில எடுத்தா எப்பவும் காலையில. முழு மரம் ஒண்ணு, கைக்கு எட்டுற ஒரு கொப்போட க்ளோசப் ஒண்ணு. அந்தக் கொப்புல ஒரு துணிக்கயிறு லூசா கட்டி வைங்க, கம்பி கட்டாதீங்க, கொப்பு பருத்தா இறுக்கிரும்.

எந்த மாசத்துல வேணா ஆரம்பிக்கலாம், ஆனா தை மாசம் ஆரம்பிச்சா கதை மொதல்ல இருந்து கெடைக்கும். பொங்கலுக்கு காப்பு கட்ட வேப்பிலையும் ஆவாரம்பூவும் சிறுபீளையும் தேடுறோம்ல, அப்ப வேப்பிலை நல்லா முத்தி கரும்பச்சையா இருக்கும், அதை நோட்டுல மொத வரியா எழுதிருங்க. தை கடைசியில வாகை நெத்து காஞ்சு காத்துல கலகலன்னு சத்தம் போடும், இலவம் மொட்டையாகி காய் மட்டும் தொங்கும். பாதாம்னு நாம சொல்ற நாட்டு வாதுமைய பாருங்க, செவப்பு இலை பாக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு நம்ம ஊர்ல இருக்கிற ஒரே ஆறுதல் அதான், அகலமான இலை அப்படியே செவந்து விழும், பல எடத்துல வருஷத்துக்கு ரெண்டு தடவை. மா பூத்திருக்கும். மாம்பூ நேரத்துல மேகம் போட்டு பனியும் சேந்தா பூ கருகும், சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் வரும், அதனால மா வெச்சிருக்கவங்க பூ எப்ப விரிஞ்சுதுன்னு மட்டும் எழுதாம அன்னைக்கு வானம் எப்படி இருந்துதுன்னும் எழுதுங்க.

மாசி பங்குனிதான் ரொம்ப முக்கியம், இந்த ரெண்டு மாசமும் வாரத்துக்கு ஒரு தடவை பத்தாது, மூணு நாளைக்கு ஒரு தடவை போங்க. அரச மரம் ஒரு வாரம் மொட்டையா நிக்கும், அடுத்த வாரம் போனா செம்பு நிறத்துல கொழுந்து மினுமினுங்கும், நடுவுல நடந்ததை தவற விட்டுருவீங்க. புங்கையும் அப்படித்தான், பழசு கொட்டி முடியறதுக்குள்ள கண்ணு கூசுற இளம்பச்சை வந்துரும். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவுக்கு பால்குடம் எடுக்கிற கூட்டத்துல கையில இருக்கிற வேப்பிலைய பாருங்க, அதுலயே மரம் எந்தக் கட்டத்துல இருக்குன்னு தெரிஞ்சிரும், சில வருஷம் முத்தின இலை, சில வருஷம் செம்பழுப்புக் கொழுந்து. புளிக்கு இது ஒலுக்குற காலம். போன வருஷம் வைகாசி ஆனியில பூத்த பூ இப்பதான் பழம், ஆக புளிய மரத்துல பூவுக்கும் பழத்துக்கும் நடுவுல ஏறக்குறைய பத்து மாசம், நோட்டு போட்டாதான் இது மண்டையில ஏறும்.

இலுப்பைக்குன்னு தனியா ஒரு பக்கம் ஒதுக்குங்க. நகரத்தார் கோயில் ஒம்பதுல இலுப்பைக்குடி பேரிலேயே இந்த மரம் இருக்கு, பழைய கோயில் பக்கம், கண்மாய்க் கரை ஓரம் இன்னும் பெரிய பெரிய மரம் நிக்குது. பங்குனி சித்திரையில இலை கொட்டி, கொப்பு நுனியில கொத்தா மொட்டு வரும், கூடவே செம்பு நிறக் கொழுந்து. இதைப் பகல்ல பாத்தா பாதிதான். பூ ராத்திரி விரியும், பழந்தின்னி வௌவால் வந்து மொய்க்கும், மகரந்தம் சேக்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு, விடியறதுக்குள்ள சதைப்பிடிப்பான வெள்ளைப் பூ தரையெல்லாம் கொட்டிக் கெடக்கும். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு சொல்றது இதைத்தான், ஒண்ணு எடுத்து வாயில போட்டுப் பாருங்க, இனிப்பும் ஒரு மாதிரி வாடையும் சேந்து வரும், எனக்குப் பிடிக்கும், எங்க வீட்டுல யாருக்கும் பிடிக்காது. குறிக்கணும்னா விடிகாலையில போய் தரையில விழுந்த பூவைப் பாருங்க, மரத்தை அண்ணாந்து பாக்குறதை விட இது சரியான கணக்கு, ஏன்னா மரம் ஒசரம், பூவும் வெளிர் நிறம்.

சித்திரையில சரக்கொன்றை. இலையே இல்லாம மஞ்சச் சரம் மட்டும், கூடவே போன வருஷத்து கருப்பு நெத்து நீளமா தொங்கும், பழைய வருஷமும் புது வருஷமும் ஒரே கொப்புல. இதுல மொத சரம் விரிஞ்ச தேதிய கட்டாயம் எழுதுங்க, கேரளாவுல விஷுக் கணிக்கு வேணும்கிற கொன்றை பல எடத்துல விஷுவுக்கு ரொம்ப முன்னாடியே பூத்து முடிஞ்சுருதுன்னு அங்க பேச்சா இருக்கு, நம்ம பக்கம் எப்படின்னு சொல்ல நாலு பேர் வருஷா வருஷம் குறிச்சு வெச்சாதான் உண்டு. வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ பொறுக்குறீங்கள்ல, அந்தப் பூ எந்த மரத்துல எப்ப கெடைச்சுதுன்னும் ஒரு வரி. வாகையும் புங்கையும் இதே சமயம் பூக்கும், புங்கமரத்தடியில பூ கொட்டி மெத்துனு கெடக்கும். மே ஃப்ளவர் மரம் மடகாஸ்கர்ல இருந்து வந்தது, ஆனா பூக்குறதுல நம்ம ஊர் வெயிலுக்கு நல்லாவே பழகிருச்சு. பனையில நுங்கு. பனை எப்பவும் மொட்டையாகாது, ஒரு பக்கம் அடி மட்டை காயும், மறுபக்கம் உச்சியில குருத்து வந்துக்கிட்டே இருக்கும், நம்ம ஊர் கொட்டான் (ஓலைக்கூடை) முடையறதுக்கு எடுக்கிறது அந்த இளம் ஓலையத்தான்.

ஆல மரத்துல பூ தேடி அலையாதீங்க. ஆலு, அரசு, அத்தி மூணுக்கும் பூ அந்த உருண்டைக் காய்க்குள்ளயே இருக்கு, சின்னக் குளவி ஒண்ணு உள்ள போய்த்தான் மகரந்தம் சேக்கும். அந்தக் குளவிக்கு வருஷம் முழுக்க எங்கயாவது காய் வேணும்ங்கிறதால ஒவ்வொரு மரமும் வேற வேற நேரத்துல காய்க்கும். உங்க தெரு ஆல மரம் பழுத்திருக்கும்போது அடுத்த ஊர் மரம் வெறுமனே நிக்குதுன்னா தப்பு ஒண்ணும் இல்ல.

ஆனி ஆடியில மேக்கத்திக் காத்து, புழுதி, நாவப்பழம், வேப்பம்பழம். தேக்கு மட்டும் எல்லாருக்கும் பிந்தித்தான் முழிச்சிருக்கும், தை மாசியில கொட்டினதுக்கு வைகாசி ஆனி வரைக்கும் இழுக்கும், அந்த இளம் இலைய கையில கசக்கினா ரத்தம் மாதிரி செவப்பா ஒட்டும், பிள்ளைங்களுக்கு இதைக் காட்டிட்டா அப்பறம் நீங்க கூப்பிடவே வேணாம், அவங்களே நோட்டைத் தூக்கிட்டு முன்னாடி போவாங்க. ஆவணியில இருந்து மார்கழி வரைக்கும் பெருசா எழுத எதுவும் இருக்காது, இலை முத்தும், அம்புட்டுதான், மாசத்துக்கு ரெண்டு தடவை போனா போதும். ஒரு விதிவிலக்கு கண்மாய்க்குள்ள நிக்கிற நாட்டுக்கருவேலம். மஞ்சள் உருண்டைப் பூ மழையை ஒட்டி வரும், தண்ணி ஏறினதும் அந்த மரத்துல பறவை கூடு கட்டும். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடி சரணாலயம், 1977-ல அறிவிச்சது, அங்க போனா கண்மாய்த் தண்ணிக்குள்ள மரமும் மரம் முழுக்க பறவையும் பாக்கலாம், கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடியே வெடிக்கிறதில்ல.

புதுக்கோட்டைப் பக்கம் கோயில்காடு எதுக்குள்ளயாவது போனா மேல சொன்ன கதை எதுவும் செல்லாது. வீரை, காயா, உலக்கைப்பாலை இந்த மாதிரி மரங்க, கெட்டியான இலை, கோடையிலயும் பச்சை விடாது. மொட்டையாகுற மரம் தண்ணி செலவை நிறுத்தித் தப்பிக்குது, இது செலவைச் சுருக்கித் தப்பிக்குது. ஆனா அங்க செருப்பைக் கழட்டிட்டுப் போங்க, கொப்பு ஒடிக்காதீங்க, கயிறும் கட்டாதீங்க, சாமி காடு, பாத்துட்டு வந்தா போதும்.

இப்ப ஒரு பயம் எல்லாருக்கும் வரும், மரம் உதிருதா சாகுதான்னு. பருவத்துல உதிர்றதா இருந்தா இலை மஞ்சளாகி காம்போட சுத்தமா விழும், விழுந்த எடத்துல கொப்புல ஒரு தழும்பு இருக்கும், நுனி மொட்டு உயிரோட இருக்கும். நோயா இருந்தா இலை பழுப்பாகி காஞ்சு கொப்புலயே ஒட்டிக்கிட்டு தொங்கும், நுனியில இருந்து கீழ நோக்கிக் கருகிக்கிட்டே வரும். சந்தேகம்னா நகத்தால கொப்போட பட்டைய லேசா சுரண்டுங்க, உள்ள பச்சையும் ஈரமுமா இருந்தா உயிர் இருக்கு, பழுப்பா காஞ்சிருந்தா அந்தக் கொப்பு போச்சு, இன்னும் கொஞ்சம் கீழ சுரண்டிப் பாருங்க. முக்கியமா மழைக்காலத்துல வேப்ப மரத்துக் கொழுந்து கருகிச்சுன்னா அது பருவம் கெடையாது, தேயிலைக் கொசுன்னு ஒரு பூச்சி உறிஞ்சுறதும் பூஞ்சணமும் சேந்து வர்ற நுனிக்கருகல், தெக்க பல எடத்துல வந்திருக்கு. மரம் மொட்டையா நிக்கிறதைப் பாத்து செத்துருச்சுன்னு வெட்ட ஆள் கூப்பிடுறவங்களும் இருக்காங்க, சித்திரை முடியற வரைக்கும் பொறுங்க, தேக்குன்னா ஆனி வரைக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை அடிமரத்தை டேப் வெச்சு சுத்தளவு எடுங்க, தரையில இருந்து 137 செ.மீ. ஒசரத்துல, எப்பவும் அதே ஒசரம், எப்பவும் அதே மாசம். மழையில தண்டு தண்ணி குடிச்சு கொஞ்சம் உப்பும், கோடையில சுருங்கும், ஐப்பசியில ஒரு வருஷமும் பங்குனியில ஒரு வருஷமும் அளந்தா கணக்கு தப்பாப் போகும். வளர்ச்சிய மரத்துக்குள்ளயே பாக்கணும்னா பெரிய வீட்டுப் பக்கம் போங்க, பழைய கதவு, உத்தரம் இதோட அறுத்த முகத்துல தேக்கு வளையம் தெரியும், தேக்குல வருஷத்துக்கு ஒண்ணு, ஒவ்வொரு வளையமும் ஆரம்பிக்கிற எடத்துல பெரிய துளைங்க வரிசையா இருக்கும், அதை வெச்சு எண்ணலாம். நெருக்கமா இருந்தா மெதுவா வளந்த வருஷங்க, அகலமா இருந்தா நல்லா வளந்த வருஷங்க. ஆனா அது பர்மாவுல இருந்து கப்பல்ல வந்த மரம், அது சொல்றது அந்த ஊர் மழைய, காரைக்குடி மழைய இல்ல. நம்ம வேம்பு, மாவுல எல்லாம் இவ்வளவு தெளிவா வளையம் வராது, அதனாலதான் டேப்.

இந்த நோட்டு விதை எடுக்கத்தான் எனக்கு ரொம்ப உதவுது. வேப்ப விதை சீக்கிரமே முளைப்புத் திறனை இழந்துரும், ஆனி ஆடியில பழம் விழுந்ததும் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழல்ல ஒலத்தி, ரெண்டு வாரத்துக்குள்ள மண் நிரப்பின நாத்துப் பையில போட்டுரணும். இலுப்பையும் அப்படித்தான், தாமதிச்சா முளைக்காது. சரக்கொன்றைக்கு அந்த அவசரம் இல்ல, அதோட விதை தோல் கெட்டி, கொஞ்சம் தேச்சு விட்டு ராத்திரி தண்ணியில ஊற வெச்சுப் போடுங்க. ஆடியில பையில போட்டது ஐப்பசி மழைக்குள்ள கையளவு வந்திரும், மொத மழை நல்லா எறங்கினதும் நட்டா தை வரைக்கும் தண்ணி ஊத்துற வேலை குறையும், அதுக்கப்பறம் மொத ரெண்டு கோடைக்கு நீங்கதான் ஊத்தணும்.